கற்பிட்டிக் கிணறுகளும் குடற் புற்றுநோயும்

இலங்கையில் சமிபாட்டுத் தொகுதியைத் தாக்கும் புற்றுநோய்களின் போக்கு மாறி வருவதைத் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் பதிவேடுகள் காட்டுகின்றன. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தோடு பிணைந்த உணவுக்குழாய்ப் புற்றுநோயே நெடுங்காலம் பெரிதும் பேசப்பட்டது. இன்று பெருங்குடல், நேர்குடல் புற்றுநோய் இருபாலாரிடத்தும் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்துவிட்டது. ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் பெருஞ்சுமையான இரைப்பைப் புற்றுநோய் இங்கு ஒப்பீட்டளவில் குறைவு என்பதே ஆறுதல்.

முதியோர் தொகை பெருகியதும் நோயறியும் வசதிகள் மேம்பட்டதும் இவ்வதிகரிப்பின் ஒரு பகுதியை விளக்கும். உணவுமுறையையும் உடலுழைப்புக் குறைவையும் வைத்தியர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். ஆனால் குடிநீரைப் பற்றி நாம் போதியளவு பேசுவதில்லை. பேசத் தொடங்குவதற்குக் கற்பிட்டியே பொருத்தமான இடம்.

புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் இம்மணற்பரப்பில், நிலத்துள் இறங்கும் மழைநீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பாய்வது அந்நீரே. மனிதர் பருகுவதும் அதுவே. இடப்படும் யூரியாவைப் பிடித்து வைக்கும் ஆற்றல் மணலுக்கு இல்லை. நீர் பாய்ச்சப் பாய்ச்ச, அது நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கே திரும்புகின்றது. இங்குள்ள பல கிணறுகளில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லையை மீறிய நைத்திரேற்று இருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் தெரிவித்து வந்துள்ளன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரும் இதே சிக்கலுக்கு உட்பட்டதே.

உடலுள் சென்ற நைத்திரேற்றின் ஒரு பகுதியை வாயிலுள்ள பக்டீரியாக்கள் நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அது இரைப்பையில் நைத்திரோசோ சேர்வைகளைத் தோற்றுவிக்கலாம். இவற்றுட் பல, விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்குபவை. காய்கறியிலும் நைத்திரேற்று உண்டு. எனினும் அதிலுள்ள உயிர்ச்சத்து சி இம்மாற்றத்தைத் தடுக்கின்றது. வெறும் தண்ணீருக்கு அந்தக் காவல் இல்லை.

லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லை, கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரிக்கும் நோயைக் கருதி வகுக்கப்பட்டது, புற்றுநோயைக் கருதியன்று. டென்மார்க்கில் 27 இலட்சம் பேரின் தரவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ 4 மில்லிகிராம் மட்டத்திலேயே குடற் புற்றுநோய் அபாயம் கூடத் தொடங்குவதாகக் கண்டது. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. ஆயினும் எல்லையையே மீறிய நீரைப் பருகுவோர் விடயத்தில் அலட்சியத்துக்கு இடமில்லை.

கொதிக்க வைத்தால் போதும் என எண்ணுவதும் தவறு. கொதித்தல் கிருமியைக் கொல்லும். நைத்திரேற்றை அகற்றாது, நீர் வற்ற வற்ற அதைச் செறிவாக்கும்.

பசளையை ஒரேயடியாகத் தடைசெய்வதால் விளையும் இடரை 2021இல் நாடே அனுபவித்தது. வெங்காயச் செய்கையாளரின் வயிற்றில் அடிக்குமாறு நாம் கோரவில்லை. பசளையைச் சிறு அளவுகளாகப் பிரித்து இடுவதற்கு வழிகாட்டலும், குடிப்பதற்கு மழைநீர்த் தாங்கிகளும் வேண்டும். மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளியின் ஊரும் அவ்வூர்க் கிணறுகளின் அளவீடும் ஒருங்கே வைத்து ஆராயப்படவும் வேண்டும். கைக்குழந்தைகள் உள்ள வீடுகளின் கிணறுகளிலிருந்து அந்த அளவீட்டைத் தொடங்கலாம்.