கண்புரை ஆபரேஷன் முடிஞ்சாச்சா? வீட்டில் சொட்டு மருந்து விடும்போது நடக்கும் தவறுகள் என்னென்ன?

கண்புரை ஆபரேஷனுக்கு ஆகும் நேரம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கும் குறைவு. காலையில் போனவர், பல இடங்களில் அன்றே கருப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பிவிடுகிறார். சில நாளில் காலண்டர் தேதி தெரிகிறது, டிவியில் ஓடும் எழுத்தும் தெரிகிறது. "அதான் நல்லா தெரியுதே, இன்னும் எதுக்கு மருந்து?" என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

ஆபரேஷனை டாக்டர் செய்துவிடுவார். ஆனால் அடுத்த 4 முதல் 6 வாரங்களுக்கு நர்ஸ் வேலை பார்க்கப்போவது வீட்டில் இருக்கும் மகளோ, மருமகளோ, பேரனோதான். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஏன் இத்தனை வாரம் மருந்து?

புரை படிந்த லென்ஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைப்பதுதான் இந்த ஆபரேஷன். இதற்காகப் போடும் சின்னக் கீறல் பெரும்பாலும் தையல் இல்லாமலே மூடிக்கொள்ளும். வெளியில் ஆறியதுபோல் தெரிந்தாலும் கண்ணுக்குள் ஆற நாளாகும்.

வழக்கமாக இரண்டு வகை மருந்து தருவார்கள். ஆன்டிபயாட்டிக் மருந்து கிருமித் தொற்றைத் தடுக்க. ஸ்டீராய்டு மருந்து உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைக்க. ஸ்டீராய்டை ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று ஆரம்பித்து, வாரா வாரம் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். நடுவில் சட்டென நிறுத்தினால் வீக்கம் திரும்ப வரலாம். டாக்டர் சொன்ன நாளைத் தாண்டியும் கடையில் வாங்கி விட்டுக்கொண்டே இருந்தால் கண்ணின் உள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பையே பாதிக்கலாம்.

அதனால்தான் மிச்சம் இருக்கும் பாட்டிலை, "உனக்கும் கண்ணு சிவந்திருக்கு, ரெண்டு சொட்டு விட்டுக்கோ" என்று இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது.

சொட்டு மருந்து விடுவது எப்படி?

* முதலில் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பாட்டிலில் 'குலுக்கவும்' என்று இருந்தால் குலுக்குங்கள்.
* படுக்க வைத்தோ, தலையைப் பின்னால் சாய்த்தோ மேலே பார்க்கச் சொல்லுங்கள்.
* கீழ் இமையை மட்டும் மெதுவாகக் கீழே இழுங்கள். ஆபரேஷன் செய்த கண்ணை விரலால் அழுத்தக் கூடாது.
* இமைக்குள் தெரியும் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை கண்ணிலோ, இமை முடியிலோ படக் கூடாது.
* கண்ணை மெதுவாக மூடி 2 நிமிடம் இருக்கட்டும். இறுக்கி மூடவோ, சிமிட்டவோ வேண்டாம்.
* அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி வேண்டும். களிம்பு இருந்தால் அது கடைசியில்தான்.

இடைவெளி எதற்கு? கண்ணின் அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டுக்கு மேல் தங்காது. உடனே அடுத்ததை விட்டால், முதலில் விட்ட மருந்து வழிந்து கன்னத்துக்கு வந்துவிடும். மருந்து விட்ட பிறகு தொண்டையில் கசந்தால் பயப்பட வேண்டாம். கண்ணில் இருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்ப் பாதை வழியாக மருந்து இறங்குவதுதான் காரணம்.

படிக்கத் தெரியாதவர், தனியாக இருப்பவர் என்றால் இரண்டு பாட்டிலும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றில் ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். மருந்து விட்டதும் தினசரி காலண்டர் தாளில் ஒரு கோடு போட்டால் கணக்கு தவறாது.

வீட்டில் அதிகம் நடக்கும் தவறுகள்

சூடு தணியும் என்று தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு விடுவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. ஆபரேஷன் செய்த கண்ணுக்கு இது நேராகக் கிருமியைக் கொண்டுபோய் விடுவதற்குச் சமம்.

கண்ணில் பீளை இருந்தால் புடவைத் தலைப்பாலோ, துண்டாலோ துடைக்கக் கூடாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூக்குப் பக்கத்தில் இருந்து காதுப் பக்கமாக ஒரே முறை துடைக்க வேண்டும். அடுத்த முறைக்கு வேறு பஞ்சு.

தலைக்குக் குளிப்பதற்கு டாக்டர் சொல்லும் நாள் வரை பொறுக்க வேண்டும். அதுவரை கழுத்துக்குக் கீழே குளிக்கலாம், முகத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். தூக்கத்தில் கை பட்டுவிடாமல் இருக்க, ராத்திரியில் கண் மூடியைப் போட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ஆபரேஷன் முடிந்த அப்பாவுக்கு ஓய்வு கிடைத்துவிடும். அம்மா மறுநாளே அடுப்படியில் நிற்பார். புகை, தாளிப்பு, தண்ணீர்க் குடம், குனிந்து பெருக்குவது எல்லாமே ஆறும் கண்ணுக்குச் சிரமம். சில நாட்களுக்காவது அந்த வேலைகளை வீட்டில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுகர், பிபி மாத்திரைகளை வழக்கம்போல் தொடர வேண்டும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் தொற்று வரும் ஆபத்து அதிகம்.

கிளம்பும் முன் நர்ஸிடம் என்ன கேட்பது?

கண் சிகிச்சையில் நர்ஸிங் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மதுரையே உதாரணம். 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து 2 ஆண்டு பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறது. நோயாளியைத் தயார்படுத்துவதில் இருந்து, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பது வரை பெரும்பகுதி அவர்கள் கையில்தான்.

எந்த மருத்துவமனையாக இருந்தாலும், கிளம்பும் முன் நர்ஸ் எதிரிலேயே நீங்கள் ஒரு முறை சொட்டு விட்டுக் காட்டுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். எந்த மருந்து, எத்தனை முறை, எத்தனை நாள், அவசரம் என்றால் எந்த நம்பர் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

லேசான உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சம் கூசுவது எல்லாம் முதல் சில நாட்களில் சகஜம். நாள் போகப் போக இவை குறைய வேண்டும். ஆனால் இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

* வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது
* தெளிவாகத் தெரிந்த பார்வை மறுபடியும் மங்குவது
* சிவப்பு அதிகமாவது, இமை வீங்குவது, சீழ் வருவது
* மின்னல் போல் வெட்டுவது, திடீரெனக் கரும்புள்ளிகள் மிதப்பது, ஓரத்தில் திரை விழுந்ததுபோல் தெரிவது

முதல் மூன்றும் கண்ணுக்குள் தொற்று ஏற்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். இது அரிதாகத்தான் வரும். ஆனால் வந்தால் மணிக்கணக்கில் பார்வையைப் பறித்துவிடும். கடைசியில் சொன்னது விழித்திரை விலகுவதாக இருக்கலாம். "நாளைக்குப் பார்த்துக்கலாம்", "பையன் ஞாயித்துக்கிழமை வருவான்" என்று காத்திருந்தால் கண்ணையே இழக்க நேரிடலாம்.

புரை திரும்ப வருமா?

வராது. ஆனால் சிலருக்கு மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட, செயற்கை லென்ஸுக்குப் பின்னால் உள்ள மெல்லிய சவ்வு மங்கலாகும். "மறுபடியும் புரை வந்துடுச்சு" என்று சொல்வது இதைத்தான். இதற்கு இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை, சில நிமிட லேசர் சிகிச்சை போதும்.

கண்ணாடி பவர் நிலைக்கவும் சில வாரங்கள் ஆகும். அதனால் பார்வை நன்றாக இருந்தாலும் டாக்டர் சொன்ன தேதியில் செக்கப்புக்குப் போக வேண்டும். முகாமில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், மறு பரிசோதனை எங்கே, என்றைக்கு என்பதை வீடு திரும்பும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.