சீட்டில் கொட்டிய சாம்பார்

கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது, மடியில் வைத்திருந்த தூக்குவாளி சாய்ந்துவிட்டது. காரின் சாம்பல் நிறத் துணி சீட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பார். வீட்டுக்கு வந்ததும் சலவை சோப்பைக் கரைத்து அழுத்தித் தேய்த்தேன். மஞ்சள் கறை போகவில்லை, சிவந்துவிட்டது. பின்னால் வந்து நின்ற அம்மா, “என்னடா இது, ஆரத்தி கரைச்சுக் கொட்டின மாதிரி இருக்கு?” என்றார்.

அம்மா சொன்னது வேதியியல்படி முழு உண்மை. மஞ்சளின் நிறப்பொருள் குர்குமின். அதோடு காரம் சேர்ந்தால் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனி கழன்றுவிடுகிறது. ஒளியை அது உறிஞ்சும் விதம் மாறிச் சிவப்பாகத் தெரிகிறது. ஆரத்தித் தட்டில் அந்தக் காரம் சுண்ணாம்பு, என் சீட்டில் சலவை சோப்பு. எலுமிச்சைச் சாறு சில துளிகள் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றியதும் சிவப்பு மறைந்து பழைய மஞ்சளே திரும்பியது. குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, எண்ணெயில் கரையும். தாளித்த எண்ணெயே அதை இழைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. ஆனால் குர்குமினுக்கு வெயில் ஆகாது. வேட்டியில் மஞ்சள் பட்டால் வெயிலில் காயப்போடுகிறோமே, அதே வைத்தியம்தான். கதவைத் திறந்துவைத்து வெயில் நேராகப் படும்படி காரை நிறுத்தினேன். இரண்டு நாளில் கறை தேடிப் பார்க்கும் அளவுக்கு மங்கிவிட்டது.

இதற்கு முன் ஒருமுறை, காபி கொட்டியதற்காகக் காரை ஒரு வாட்டர் வாஷ் கடையில் விட்டிருந்தேன். ஷாம்பூ போட்டுச் சீட்டை ஊறவைத்துத் தேய்த்து, பளிச்சென்று திருப்பித் தந்தார்கள். ஒரு வாரத்தில் கறை திரும்பி வந்தது, முன்பைவிடப் பெரிய வளையமாக. துணிக்கு அடியில் இருப்பது பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு. ஊற்றிய தண்ணீரையெல்லாம் குடித்துவைத்துக்கொள்ளும். அது காய்வதோ மேற்பரப்பில் மட்டும். ஆக, அடியிலுள்ள ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகள் வழியே மேலேறி, கூடவே அழுக்கையும் சோப்பு எச்சத்தையும் கொண்டுவந்து விளிம்பில் விட்டுவிட்டு ஆவியாகிறது. ஈரச் சுவரில் உப்புப் பூப்பதும் இப்படித்தான். எஞ்சிய சோப்பு பிசுபிசுப்பாக இருந்து புதுத் தூசியையும் பிடித்துவைக்கும். மழைக்காலமாக இருந்தால் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும்.

துணி சீட்டை ஊறவைக்காமல் சுத்தம் செய்ய, முதலில் வாக்யூம் கிளீனரால் மணலையும் தூசியையும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பிறகு ஷாம்பூவை அடித்து அதன் நுரையை மட்டும் தடவி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துண்டால் அழுத்தி ஒற்றினால் போதும். பக்கெட்டோடு காருக்குப் பக்கத்தில் வருபவரைத் தடுத்துவிடுங்கள்.

குழந்தை கொட்டிய பால் வேறு கதை. பால்கொழுப்பைக் கிருமிகள் சிதைக்கும்போது பியூட்டிரிக் அமிலம் வெளிப்படுகிறது; கார் முழுக்க அடிக்கும் ஊசிய வெண்ணெய் வாடை அதனுடையது. சமையல் சோடாவைத் தூவி வைத்து உறிஞ்சி எடுத்தால் அமிலம் உப்பாக மாறி, ஆவியாகும் குணத்தை இழக்கிறது. அதே சோடாவைச் சாம்பார்க் கறையில் போட்டால் மறுபடியும் ஆரத்திதான்.

தோல் சீட்டுக்கும் சோடா ஆகாது. பதனிட்ட தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது. காரம் பட்டால் கெடும். சிலர் பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் தடவுகிறார்கள். இன்றைய கார்த் தோல் பெரும்பாலும் மேலே மெல்லிய பாலியூரித்தேன் பூச்சுடன்தான் வருகிறது. எண்ணெய் உள்ளே போகாமல் மேலே தங்கித் தூசியைத்தான் சேர்க்கும். உண்மையில் அந்தப் பூச்சை அரிப்பது நம் வியர்வையும் தலையெண்ணெயும்தான். காரம் குறைந்த சோப்பு நீரால் அவ்வப்போது துடைத்தாலே தோலுக்குப் போதும். மலிவான செயற்கைத் தோல் செதில் செதிலாக உரிவதற்கு வெயிலோடு ஈரக்காற்றும் காரணம். பூச்சில் உள்ள எஸ்டர் பிணைப்புகளை நீராவி மெல்ல அறுக்கிறது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இது பழகிய காட்சி.

கறையைப் போக்கிய வெயில் சீட்டுக்கும் எதிரி. அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில் வெயிலில் நிறுத்திய கார்களின் டேஷ்போர்டு ஒரு மணி நேரத்தில் சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சீட் 50 டிகிரி. ரெக்சினை வளையவைக்கும் சேர்மங்கள் இந்தச் சூட்டில் மெல்ல ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் மங்கலான படலமாகப் படிகின்றன. ரெக்சின் விறைத்து வெடிக்கிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்த முன்கண்ணாடி புற ஊதாக் கதிரை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் அப்படியல்ல. அதனால் ஜன்னலோரச் சீட் முதலில் வெளுக்கிறது.

கறையே ஒட்டாத ஸ்ப்ரே உண்டே என்பீர்கள். அது பிறந்ததும் ஒரு கொட்டலில்தான். 1953 வாக்கில் அமெரிக்காவின் 3எம் ஆய்வகத்தில் ஃபுளூரின் கலந்த திரவம் ஓர் உதவியாளரின் கேன்வாஸ் ஷூவில் சிந்தியது. எதைப் போட்டும் அதைக் கழுவ முடியவில்லை; ஆனால் அந்த இடத்தில் மட்டும் அழுக்கு ஏறவில்லை. பாட்சி ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் அதைத் துரத்திப்போய் ‘ஸ்காட்ச்கார்டு’ உருவாக்கினார்கள். தண்ணீர் மட்டுமல்ல, எண்ணெயும் அதில் முத்தாக உருண்டுவிடும். அதிலுள்ள கார்பன்-ஃபுளூரின் பிணைப்பின் உறுதியே பிறகு தொல்லையானது: அந்தப் பொருள் இயற்கையில் சிதையாமல் மனித ரத்தம்வரை சேர்ந்தது. அதன் மூலப்பொருளைக் கைவிடுவதாக 2000-இல் அந்நிறுவனமே அறிவித்தது. 2009-இல், எளிதில் சிதையாத நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் அது ஏறியது.

ஃபுளூரின் இல்லாத ஸ்ப்ரேக்கள் இப்போது கிடைக்கின்றன. தண்ணீரை நன்றாகத் தடுக்கும், எண்ணெயை அவ்வளவாகத் தடுக்காது. காபிக்கு வாங்கலாம். சாம்பாருக்கு, தூக்குவாளியின் மூடியை இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள்; மீறிக் கொட்டினால், சோப்பைத் தேடும் முன் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.