துருவுக்குச் சாணை மருந்தல்ல

அரிவாள்மனையில் துரு கண்டதும் சாணை பிடிக்கக் கொடுப்பது நம் வழக்கம். அது அவசர வைத்தியம். இரும்பு, ஆக்சிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்த பொருக்குதான் துரு. இரும்பைவிட அதிக இடம் அடைப்பதால் உதிர்கிறது, நுண்துளைகளில் ஈரத்தைத் தேக்கி மேலும் அரிக்கிறது. சாணைச்சக்கரமோ துருவோடு நல்ல இரும்பையும் தின்கிறது. போதாக்குறைக்கு, உரசலில் விளிம்பு சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி நீலம் பாய்ந்தால் கொல்லர் ஏற்றிய பதமே போய்விடும். அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

புளிக்கரைசல் அப்படியல்ல. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவை இளக்கும். தேங்காய் நாரால் தேய்த்தால் வந்துவிடும். வினிகரும் இதே வேலையைச் செய்யும். அமிலம் இரும்பையும் அரிக்காதா என்று கேட்கலாம். ஊறப்போட்டு மறந்தால் அரிக்கத்தான் செய்யும். அதனால் அவ்வப்போது எடுத்துப் பார்த்து, துரு இளகியதும் சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். விளிம்பில் ஆழக் குழி விழுந்திருந்தால் மட்டும் சாணைதான் கதி. ஊறவைக்கும்போது மரப்பலகையை நனைய விடாதீர்கள்.