கம்பளி போர்த்திய கத்தரிப் பாத்தி

சேலம் மாவட்டத்தில் பிறந்தவன் நான். எங்கள் பக்கத்து மேச்சேரி ஆட்டுக்கு உடம்பில் குட்டை மயிர்தான். அதைக் கத்தரிப்பார் இல்லை. செம்மறியாடு என்றால் இறைச்சி, தோல், அறுவடை முடிந்த வயலில் இரவுக்கிடை போட்டால் கிடைக்கும் எரு என்பதே நான் அறிந்த கணக்கு. படிப்பின் பொருட்டுப் பிக்கானேர் வந்த பிறகுதான், ஆட்டின் முதுகிலும் ஒரு விளைச்சல் உண்டு என்பதையும், அதில் ஒரு பகுதி குப்பைக்குப் போகிறது என்பதையும் கண்டேன்.

ஹோலிப் பண்டிகையை ஒட்டி இங்கே மயிர் கத்தரிப்பார்கள். எங்கள் விடுதித் தோட்டக்காரர் இடையர் குடியில் பிறந்தவர். அவரை நாங்கள் பாபா என்று அழைப்போம். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று தம் தம்பி வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்றார். முதுகு மயிர் வெண்மையாய்ப் பளபளத்துத் தனிக் குவியலாகக் கிடந்தது; கம்பள நூலுக்குப் போவது அதுவே. வயிறு, கால், வாலடி ஆகிய இடங்களில் வெட்டியது மஞ்சள் பாரித்து, புழுக்கை ஒட்டி, வேலியோரம் காற்றில் அலைந்துகொண்டிருந்தது. “இதை என்ன செய்வீர்கள்?” என்றேன்.

“இதை யார் வாங்குவார், பேட்டா? நல்ல மயிருக்குக் கிடைக்கும் விலையே கத்தரித்தவன் கூலிக்குக் காணவில்லை” என்றார் தம்பியார். மூன்று கோணி நிறைய அள்ளிக்கொள்ளச் சொன்னார். விலை கேட்டதற்குச் சிரித்தார்.

எனக்கு அது வேண்டியிருந்தது மூடாக்குக்காக. செடியின் அடியில் மண்ணை மூடி, வெயிலும் காற்றும் ஈரத்தைக் கொண்டுபோகாமல் தடுப்பதே மூடாக்கு. நம் ஊரில் தென்னையடியில் மட்டையும் சருகும், கரும்பில் தோகையும் பரப்புகிறோம் அல்லவா? இங்கே ஆண்டு மழை 30 சென்டிமீட்டருக்கும் குறைவு. மே மாத வெயில் 45 பாகை செல்சியசைத் தொடும். மூடாக்கு இங்குதான் மிகவும் தேவை. ஆனால் ஒரு பிடி வைக்கோல் இருந்தால் அது மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போகும். கால்நடை தின்னாத மூடாக்கு ஒன்று, அந்தக் கால்நடையின் முதுகிலேயே முளைப்பது விந்தைதான்.

கம்பளி இழை கெராட்டின் என்னும் புரதம். தூய கம்பளியில் 100-க்கு ஏறத்தாழ 16 பங்கு நைட்ரஜன் உண்டு. அழுக்கும் எண்ணெயும் கலந்த பச்சைக் கம்பளியில் இது குறையும். ஆயினும் அரைப் பங்கே நைட்ரஜன் உள்ள தொழு உரத்தோடு ஒப்பிட்டால் மிகப் பெரிது. கந்தகமும் உண்டு. அந்தக் கந்தகப் பிணைப்புகளால்தான் இழை எளிதில் மக்குவதில்லை. ஓராண்டுக்கு மேலும் கிடந்து, சிறுகச் சிறுகச் சத்தை விடும். ஆட்டின் வியர்வை உப்பில் சாம்பல் சத்து இருப்பதால் கழுவாமலே போடலாம். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர்ப் பகுதியில் ரூபார்ப் என்னும் கீரைத்தண்டு பயிரிடுவோர், கம்பளி ஆலைக் கழிவை நெடுங்காலமாக உரமாக இட்டு வந்தனர்.

இவ்வளவையும் படித்துவிட்டுத்தான் நான் தவறு செய்தேன். காய்ந்த பாத்தியில் கம்பளியைத் தடிப்பாகப் பரப்பி, மேலே நீர் ஊற்றினேன். கம்பளியில் லானோலின் என்ற மெழுகுப் பசை உண்டு. நீர் முத்து முத்தாக உருண்டு வழியோடு போயிற்று. மண் நனைந்துவிட்டதாக எண்ணி நான் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டேன். பன்னிரண்டு கத்தரிக் கன்றுகளில் ஐந்து கருகின. பாபா ஒன்றும் சொல்லவில்லை; கம்பளியை விலக்கி, அடியில் இருந்த புழுதியை ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

முதலில் மண்ணை ஆழ நனைக்க வேண்டும். பிறகு மயிரைப் பிய்த்து, இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேற்படாமல் தளர்வாக இட வேண்டும். தண்டைத் தொடாமல் நான்கு விரல் விட்டு வைத்தால் தண்டு அழுகாது. காற்றில் பறக்காதிருக்கக் கற்களை ஏற்றலாம். நீரை மேலே ஊற்றாமல் தண்டருகே அந்த இடைவெளியில் விடுவது நல்லது. இப்படிச் செய்தபின், வெறும் பாத்திக்கு நாள்தோறும் நீர் தேவைப்பட்டது. கம்பளிப் பாத்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமாயிற்று.

தொல்லைகளும் உண்டு. மயிரோடு பூரட் என்னும் முட்புல் விதையும் வந்து முளைக்கும். குருவிகள் கூட்டுக்குப் பிய்த்துப் போகும். நாய்கள் வாசனைக்கு இழுத்துப் போகும். இவை சிறிய தொல்லைகள். பெரியது ஒன்று உண்டு: செத்த ஆட்டின் மயிரையோ, அடைப்பான் நோய் கண்ட மந்தையின் மயிரையோ தொடவே கூடாது. அந்த நோயின் வித்துக்கள் மயிரில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். கம்பளி பிரிக்கும் தொழிலாளர் பலர் முன்னாளில் அதனால் மாண்டனர். நலமுள்ள மந்தை என்று தெரிந்தாலும், மூக்கை மூடிக்கொண்டு பிய்ப்பதும் பின்னர்ச் சோப்பிட்டுக் கை கழுவுவதும் வேண்டும்.

எஞ்சிய ஏழு செடிகளும் ஆடி மாதம் வரை காய்த்தன. விடுதிச் சமையலறையில் சாம்பாருக்குக் கொடுத்தேன்; அன்று மட்டும் சாம்பார் சாம்பாராக இருந்தது.

இவ்வாண்டு ஹோலி கழிந்ததும் மீண்டும் அந்த வீட்டுக்குப் போனேன். கழிவு மயிருக்கு இன்னும் விலை பிறக்கவில்லை. ஆனால் வேலியோரம் அது கிடக்கவுமில்லை. எனக்கென்று ஒரு கோணியைக் கட்டி வைத்துவிட்டு, மற்றதைத் தம்பியார் தம் சுரைக்கொடியைச் சுற்றிப் பரப்பியிருந்தார். குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். மண் ஈரமாக இருந்தது.