சமையலறை அலமாரி பொருத்துதலில் நேரும் தடங்கல்கள்

சமையலறை அலமாரி பொருத்துதல் என்பது, பட்டறையில் செய்த பெட்டிகளை வீட்டின் தரையிலும் சுவரிலும் நிலைநிறுத்தும் வேலையாகும். பெட்டிகள் செங்கோணமாக அறுக்கப்படுகின்றன. வீட்டுச் சுவரும் தரையும் பெரும்பாலும் அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை. தடங்கல்களில் பல இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. எனவே முதலில் காரணத்தைக் கண்டறிந்து, பிறகே கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.

அளவு பொருந்தாமை

இரு சுவர்களுக்கிடையே 240 செ.மீ. இடம் இருப்பதாக அளந்து, 60 செ.மீ. அகலத்தில் நான்கு பெட்டிகள் செய்ததாகக் கொள்வோம். அதன்பின் சுவரில் டைல்ஸ் பதித்தால் கலவையின் கனமும் சேர்ந்து இடம் குறையும். நான்காம் பெட்டி நுழையாது. அதைச் சுத்தியலால் தட்டி நுழைக்கக் கூடாது. அந்த ஒன்றை மட்டும் குறுக்கிச் செய்தால் போதும்.

இதைத் தவிர்க்க, டைல்ஸ் பதித்த பின்னரே கீழ், நடு, மேல் என மூன்று உயரங்களில் அளந்து, மிகச் சிறிய அளவைக் கொள்ள வேண்டும். சுவர் மூலையைப் பிதாகரசு தேற்றத்தால் சோதிக்கலாம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 60 செ.மீ., மற்றதில் 80 செ.மீ. குறித்து, இரு புள்ளிகளுக்கிடையே 100 செ.மீ. இருந்தால் அது செங்கோணம்.

கதவுகள் கோணலாகத் தெரிதல்

உடனே கீலைத் திருக வேண்டாம். பெட்டியின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். தரை சாய்வாக இருந்தால் பெட்டியும் சாயும். தரையின் மிக உயர்ந்த இடத்திலிருந்து தொடங்கி, மற்ற பெட்டிகளின் கால்களை உயர்த்திச் சமன் செய்ய வேண்டும். கீலைச் சரிசெய்வது கடைசி வேலை.

மேல் அலமாரியின் பிடிப்பு

துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சியைச் செருகித் திருகாணியை முடுக்குவோர் உண்டு. இது ஆபத்தானது, பாத்திரங்களின் எடை ஏறியபின் அலமாரி விழக்கூடும். அத்துளையை அடைத்துவிட்டு, உறுதியான வேறிடத்தில் புதிதாகத் துளையிட வேண்டும். பூச்சு மட்டும் எடையைத் தாங்காது. பிடிப்பு செங்கல்லுக்குள் செல்ல வேண்டும்.

குழாய், மின்கம்பி, எரிவாயு

சுவிட்சு, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளையிடுவதைத் தவிர்க்க வேண்டும். பூச்சு வேலைக்கு முன் சுவரைப் படமெடுத்து வைத்தால் இது எளிது. துளையிடும்போது ஈரம் தென்பட்டால் பொறியை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீர் வால்வை மூட வேண்டும். வெள்ளை சிமெண்டால் மேலே பூசி மறைத்தால் கசிவு உள்ளே தொடரும். பலகை உப்பிக் கெடும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். ஆகவே உருளை வைக்கும் பெட்டியின் அடிப்பகுதியில் காற்றுத் திறப்புகள் இருக்க வேண்டும். எரிவாயுக் குழலைக் கண்ணுக்குத் தெரியாதபடி பெட்டிக்குப் பின்னால் அடைத்துவிடக் கூடாது.

அலமாரி வேலையில் ஒரு நாள் தாமதத்தைப் பிறகு ஈடுகட்டலாம். அவசரத்தில் மறைத்த பிழையைத் திருத்த, பெட்டியையே கழற்ற நேரிடும்.