மனக்கணக்கில் வலையமைப்பு முகவரிகள்

கணிப்பொறி வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு முகவரி இன்றியமையாதது. 1981 ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்ட இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் இம்முகவரி 32 பிட்டுகளைக் கொண்டது. எட்டு எட்டு பிட்டுகளாகப் பிரித்து, 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களாக அதனை எழுதுவர். முகவரியின் முற்பகுதி வலையமைப்பையும், பிற்பகுதி அதிலுள்ள பொறியையும் குறிக்கும். இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது என்பதைக் காட்டுவது மாஸ்க் எனப்படும் எண்ணாகும்.

தொடக்கத்தில் இக்கோடு ஏ, பி, சி என்னும் வகுப்புகளால் நிலையாக வரையப்பட்டிருந்தது. 300 பொறிகள் வைத்திருந்த நிறுவனத்திற்கு 254 இடங்கள் உள்ள சி வகுப்பு போதாது. பி வகுப்பிலோ 65,534 இடங்கள்! இவ்வீண்செலவு தாங்காமல் 1993 இல் வகுப்பு முறை கைவிடப்பட்டு, கோட்டை எந்த பிட்டிலும் வரையலாம் என்றாயிற்று. ஆயினும் 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த முகவரித் தொகுதிகள் தீர்ந்துபோயின.

ஒரு வலையமைப்பைத் துணை வலையமைப்புகளாகப் பகுப்பதே சப்நெட் கணக்கு. வலையமைப்புத் தேர்வுகளில் மாணவர்களை மிகவும் திணற வைப்பதும் இதுவே. சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. தேர்வுக்குக் கணிப்பானைக் கொண்டு செல்ல அனுமதியில்லை. ஒவ்வொரு முகவரியையும் இரும எண்ணாக விரித்து எழுதினால் நேரம் போதாது. விரித்து எழுதத் தேவையுமில்லை.

மனத்தில் இருத்த வேண்டியவை எட்டே எண்கள்: 128, 192, 224, 240, 248, 252, 254, 255. இவற்றை வாய்பாடு போல் மனப்பாடம் செய்துவிட்டால், எஞ்சுவது ஒரு கழித்தல் மட்டுமே. 192.168.20.77/27 என்ற முகவரியைக் கொள்வோம். சாய்கோட்டின் பின்னுள்ள 27 இலிருந்து 24 போக மீதி 3. பட்டியலின் மூன்றாவது எண் 224. அதனை 256 இலிருந்து கழிக்க 32 கிடைக்கிறது. இதுவே தொகுதியின் அளவு. தொகுதிகள் 0, 32, 64, 96 எனத் தொடங்கும். 77 என்பது 64 க்கும் 96 க்கும் இடைப்பட்டது. எனவே வலையமைப்பு முகவரி 64. ஒலிபரப்பு முகவரி, அடுத்த தொகுதிக்கு ஒன்று குறைவான 95. பொறிகளுக்கு உரியவை 65 முதல் 94 வரை, ஆக 30.

தொகுதி சிறியதாயின் தொடக்கத்திலிருந்து எண்ணுவது வீண். தொகுதி அளவு 8, தேட வேண்டிய எண் 147 எனில், எட்டின் இருபது மடங்கான 160 இலிருந்து பின்னோக்கி 152, 144 என வந்தால் போதும்.

மூன்றாம் எண்ணில் கோடு விழும்போதுதான் பலர் தடுமாறுகின்றனர். 172.16.45.200/20 என்பதில் 16 போக மீதி 4, நான்காவது எண் 240, தொகுதி 16. மூன்றாம் எண்ணாகிய 45, 32 க்கும் 48 க்கும் இடையில் உள்ளது. வலையமைப்பு 172.16.32.0 இல் தொடங்கி 172.16.47.255 இல் முடிகிறது. இங்கு 172.16.33.255 என்பது ஒரு பொறிக்குத் தரத்தக்க முகவரியே. 255 என முடிவதெல்லாம் ஒலிபரப்பு முகவரி என்று எண்ணுவோர் இவ்விடத்தில் மதிப்பெண் இழக்கின்றனர்.

தேர்வறையில் நேரும் பிழையால் போவது மதிப்பெண். அலுவலகத்தில் நேர்ந்தாலோ வேலையே நின்றுவிடும். ஓர் அலுவலகத்தில் 25, 50, 10 பொறிகள் கொண்ட மூன்று பிரிவுகளுக்கு 192.168.20.0/24 ஐப் பகிர வேண்டியுள்ளதெனக் கொள்வோம். முதற்பிரிவுக்கு 0 முதல் 31 வரை கொடுத்துவிட்டு, 64 அளவுள்ள அடுத்த தொகுதியை 32 இல் தொடங்க முயல்வது இயல்பான தவறு. 32 என்பது 64 இன் மடங்கன்று. அப்பிரிவில் 40 ஆம் முகவரியுள்ள பொறி தன் வலையமைப்பு 0 முதல் 63 வரை எனக் கொள்ளும். 70 ஆம் முகவரியுள்ளதோ 64 முதல் 127 வரை எனக் கொள்ளும். அடுத்தடுத்த மேசைகளிலுள்ள அவ்விரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளா. முதற்பிரிவின் பொறியைத் தன் வலையமைப்பிலேயே தேடும் 40 ஆம் பொறி, செய்தியை ரூட்டருக்கு அனுப்பாது. கம்பியில் பழுதென்று தேடுவோர்க்கு ஒன்றும் அகப்படாது.

பெரிய பிரிவிலிருந்து தொடங்கினால் இச்சிக்கல் எழாது. 50 பொறிகளுக்கு 0–63, 25 பொறிகளுக்கு 64–95, பத்துக்கு 96–111. இரு ரூட்டர்களை இணைக்கும் தடத்திற்கு 112–115 போதும். 116 இலிருந்து 255 வரை பிற்காலத் தேவைக்கு எஞ்சி நிற்கும்.

128 பிட்டுகள் கொண்ட ஆறாம் பதிப்பில் துணை வலையமைப்பு ஒவ்வொன்றுக்கும் /64 தருவது வழக்கமாதலால், பொறிகளை எண்ணிப் பார்க்கும் வேலை அங்கு இல்லை. எனினும் நான்காம் பதிப்பு வழக்கொழியவில்லை; தேர்வுத் தாள்களில் இரண்டும் இடம்பெறுகின்றன.