மாட்டுங்கா வீடும் டோம்பிவிலி வீடும்

ஒரே பரப்புள்ள இரண்டு வீடுகள். ஒன்று மாட்டுங்காவில், மற்றொன்று டோம்பிவிலியில். செங்கல்லும் சிமெண்டும் இரண்டிற்கும் ஒன்றே. கொத்தனார் கூலியிலும் பெரிய வேற்றுமை இல்லை. ஆயினும் விலையோ மலைக்கும் மடுவுக்கும் போல் இருக்கிறது. இதன் காரணத்தை, மும்பையில் வீடு வாங்கவோ விற்கவோ எண்ணும் நம் குடும்பங்கள், தரகர் சொல்லைக் கேட்குமுன் அறிந்திருத்தல் நலம்.

நாம் விலை கொடுப்பது கட்டடத்திற்கன்று, பெரும்பாலும் நிலத்திற்கே. மூன்று புறமும் நீர் சூழ்ந்த இந்நகர் வடக்கு நோக்கி நீளலாமேயன்றிப் பக்கவாட்டில் விரிய இடமில்லை. 1896-இல் பிளேக் நோய் தோன்றியதன் விளைவாக 1898-இல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா பகுதிகளை அகன்ற வீதிகளும் அளந்த மனைகளுமாக வகுத்தது. அவ்வொழுங்கின் பயனை இன்றும் விலையில் காண்கிறோம். அருகிலேயே ரயில் நிலையங்கள், பள்ளிகள், கோயில்கள். பக்கத்துக் கடையில் வாழைப்பூ கிடைப்பதற்கும் ஒரு விலை உண்டு என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். தரகரோ அதனையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்!

ஆனால் அதே வீதியில் ஒரு வீடு மற்றொன்றைவிட மிகவும் மலிவாகக் கிடைப்பதும் உண்டு. அது பெரும்பாலும் 'பகடி' வீடாக இருக்கும். தமிழில் பகடி என்றால் கேலி. இங்கோ அச்சொல்லுக்குத் தலைப்பாகை என்பது பொருள். 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் நிலையிலேயே கட்டி வைத்தது. வாடகை ஏறாததால் உடையவர் பழுது பார்க்க முன்வரவில்லை. குடியிருப்பவரும் வெளியேற மனங்கொள்ளவில்லை. வீடு கைமாறும்பொழுது ஒரு பெருந்தொகை கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. அத்தொகை பெறுவதை 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு 4 சதவீத வாடகை உயர்வுக்கும் இடமளித்தது. பகடி வீட்டை விற்பவர் விற்பது குடியிருக்கும் உரிமையையே, வீட்டையன்று. வரும் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உடையவர் கேட்பது வழக்கம். விலை குறைவதன் காரணம் இதுதான்.

பழைய கட்டடம் இடிக்கப்பட்டுப் புதிதாக எழும்பொழுது நிலைமை தலைகீழாகிறது. வாடகைதாரர் சொந்த வீட்டிற்கு உரியவராகிறார். மதிப்பு பன்மடங்கு உயர்கிறது. அப்பொழுதுதான் குடும்பத்தில் வழக்கும் பிறக்கிறது. வாடகை ரசீது காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே இருக்கும். மூத்தவர் பெங்களூரில், இளையவர் அயல்நாட்டில், மணமாகாத அத்தை ஒருவர் மட்டும் அவ்வீட்டில் இருப்பார். சட்டமோ, வாடகைதாரர் இறக்கும்பொழுது அவருடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கே முதலிடம் தருகிறது. அத்தகையோர் இல்லாதபொழுதுதான் ஏனைய வாரிசுகள். ரசீதில் பெயர் மாற்றுவதைப் புதுக் கட்டடப் பேச்சு எழும்வரை ஒத்திப்போடுவது நம்மவரிடையே பெருவழக்கு. அத்தையின் உரிமைக்கு அதனால் வரும் இன்னல் சிறிதன்று.

இனி, தொலைவிலுள்ள ஊர்கள். அங்கு விலையை நிர்ணயிப்பது ரயிலும் பாலமுமே. 1992-இல் தாணே கழியின் மேல் ரயில் ஓடத் தொடங்கிய பின்னரே வாஷி பலருக்கு எட்டும் ஊராயிற்று. 2013-இல் கிழக்கு விரைவுச் சாலை திறந்தபின் செம்பூருக்கும் கோட்டைப் பகுதிக்கும் இடையே பயண நேரம் குறைந்தது. 2025 அக்டோபரில் திறப்புவிழாக் கண்ட நவி மும்பை விமான நிலையத்தைச் சுற்றியோ, விமானம் வருமுன்னரே விலை வந்துவிட்டது. அறிவிப்பை நம்பி வாங்கியோர் நெடுங்காலம் காத்திருந்தனர்.

அரசின் தீர்வைக்கும் பங்குண்டு. 2020 செப்டம்பரில் முத்திரைத் தீர்வையை 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்ததும், சலுகை முடியும் டிசம்பரில் பதிவகங்களில் கூட்டம் நெரிந்தது.

புது வீடு வாங்குவோர் சதுர அடியை எவ்வாறு அளந்தனர் என்று வினவுக. படிக்கட்டையும் லிப்டையும் சேர்த்துச் சொல்லும் பரப்பு வேறு, சுவருக்குள் நாம் பாய் விரிக்கும் பரப்பு வேறு. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் இப்பின்னதாகிய 'கார்ப்பெட்' பரப்பையே குறிக்கச் சொல்கிறது. பழைய கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குவோர் மற்றொன்றையும் கேட்க வேண்டும்: கட்டடம் நிற்கும் நிலம் சங்கத்தின் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது இன்னும் கட்டியவர் பெயரிலேயே நிற்கிறதா? கட்டியவர் எழுதித் தராவிடில், 2008-இல் செய்த திருத்தத்தின்படி சங்கமே உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்துப் பெறலாம்.